சாந்தியின் இரண்டாவது சுற்று

2006 டிசம்பர் 9. கத்தார் தலைநகர் டோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 800 மீட்டர் இறுதியோட்டத்தில் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் 2 நிமிடம் 1.79 விநாடியில் முதலாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். இரண்டாம் இடத்துக்குத்தான் கடும் போட்டி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்தார். கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்த்சேவா 2 நிமிடம் 3.19 விநாடி. இடைவெளி 0.03 விநாடி. அந்த ஓட்ட வேகத்தில் அது ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அந்த ஒரு சாணில் வந்த வெள்ளிப் பதக்கம் சில நாள்களிலேயே பறிபோனது. ஊக்கமருந்து எதுவும் அவர் உட்கொள்ளவில்லை. ஓட்டத்தில் யாரையும் இடித்துத் தள்ளவும் இல்லை. பாலினச் சோதனையில் தேறவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அப்போது அவருக்கு வயது 25. ஓட்டம் முடிந்தது, பயிற்றுநர் வாழ்க்கை தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் அவர் அரசு தடகளப் பயிற்றுநர்.

மலேசியாவில் கெடாவின் லூனாஸிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் தமிழ்ப்பள்ளித் திடலில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்க்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் இவர் கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடல் கடந்த ஊர்க்கதையாக இதை ஒதுக்கிவிட முடியாது. அன்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் நடந்த சோதனை, 2025 செப்டம்பர் முதல் உலக அளவில் பெண்கள் பிரிவில் ஓட வரும் எல்லாருக்கும் கட்டாயமாகிவிட்டது. கெடா பிள்ளைக்கும் அதே விதிதான்.

*

சாந்தி பிறந்தது 1981இல். பெற்றோர் செங்கல் சூளைக் கூலிகள், தலித் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். வீட்டில் மின்சாரம் கிடையாது, கழிப்பறை கிடையாது. தாத்தா ஒரு காலத்தில் ஓட்டக்காரர். 13 வயதுப் பேத்தியை மண்தரையில் ஓடவைத்துப் பழக்கியவரும், முதல் காலணியை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. பிறகு பள்ளிப் போட்டிகள், விளையாட்டுத் திறமையால் கிடைத்த கல்லூரி இடம், மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று படிப்படியாக ஏறினார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாதை அந்நியமாகத் தோன்றாது. விடியலில் பால்மரம் வெட்டப் போன பெற்றோரின் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போன காலத்தைப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்று, அதே ஆண்டு மலேசியாவின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதையும் பெற்றார். சாந்தி ஓடிய அதே 800 மீட்டரில் நம் பி. ராஜ்குமார் 1985இல் ஜகார்த்தாவில் ஆசிய வெற்றியாளர் ஆனார். ஓடி முடித்தபின் அவரும் பயிற்றுநராக இறங்கினார்.

800 மீட்டர் பொல்லாத தூரம். முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடத்தில் ஓட வேண்டும். அதன்பின் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்தடத்துக்குப் பாய்வார்கள். முழங்கை இடிக்கும், முன்னால் ஓடுபவரின் ஸ்பைக்ஸ் கெண்டைக்காலைக் கீறும். நூறு மீட்டர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி முடிக்கவும் முடியாது, ஐயாயிரம் மீட்டர்போல நிதானமாகத் தொடங்கவும் முடியாது. முதல் சுற்றில் சக்தியை வாரி இறைத்தவருக்குக் கடைசி 150 மீட்டரில் தொடை கல்லாகிவிடும். சாந்தியின் டோஹா ஓட்டத்தில் ஒரு சுற்றுக்குச் சராசரி 61.58 விநாடி வருகிறது. நூறு மீட்டருக்குப் பதினைந்தரை விநாடிக்கும் குறைவு. அதை எட்டுமுறை தொடர்ந்து ஓட வேண்டும். செங்கல் சூளைக் குடும்பத்திலிருந்து வந்த பெண், முந்தைய ஆண்டே தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் இதே தூரத்தில் வெள்ளி வென்றிருந்தார். சர்வதேசப் பதக்கங்கள் மொத்தம் 12.

*

டோஹா ஓட்டத்துக்குப் பிறகு அவரை மருத்துவச் சோதனைக்கு அழைத்துப் போனார்கள். இரத்தம் எடுத்தார்கள், உடலைப் பரிசோதித்தார்கள். எதற்காக என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் பேசியது ஆங்கிலம். அவருக்கு அந்த மொழியில் பழக்கம் குறைவு. பிறகு ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அவருடைய உடலைப் பற்றிய செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கையை அவர் கையில் கொடுத்து விளக்குவதற்கு முன்பே ஊருக்கும் உலகத்துக்கும் சொன்னார்கள். நடந்த கொடுமைகளிலேயே பெரியது இதுதான்.

அந்தச் சோதனை எதைத் தேடுகிறது? பள்ளிப் பாடத்தில் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய் என்று இரண்டே கோடுகள் போட்டுக் காட்டுவார்கள். உடம்பு எல்லா நேரமும் அந்தப் படத்தின்படி அமைவதில்லை. சிலருக்கு ஒய் குரோமோசோம் இருக்கும், டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், ஆனால் உடலின் உயிரணுக்கள் அந்தச் சுரப்பை ஏற்றுக்கொள்ளாது. ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்று மருத்துவம் இதைச் சொல்கிறது. இது முழுமையாக இருந்தால் பிறக்கும்போதே பெண் குழந்தைதான், வளர்வதும் பெண்ணாகத்தான். வயது வந்தும் மாதவிலக்கு வரவில்லையே என்று மருத்துவரிடம் போகும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிய வருகிறது. தெரியாமலே வாழ்ந்து முடிப்பவர்களும் உண்டு. இதில் ஏமாற்று எங்கே வந்தது? தனக்கே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி மறைக்க முடியும்?

உடல் கூறுகளைக் காட்டிப் பெண்களை வரிசையில் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் 1966இல் ஐரோப்பிய, காமன்வெல்த் போட்டிகளில் தொடங்கியது. 1968 ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. எல்லாரையும் சோதிக்கும் முறையை 1990களில் கைவிட்டார்கள். யார்மீதாவது சந்தேகம் எழுந்தால் மட்டும் சோதிக்கலாம் என்றானது. சாந்தி மாட்டியது இந்த இடைக்காலத்தில். யார், எதை வைத்துச் சந்தேகப்படலாம் என்பதற்கு ஒழுங்கான வரையறை இல்லாத காலம் அது.

விளையாட்டு அமைப்புகள் ஒரு பெண்ணின் பெயரை ஏட்டிலிருந்து அழித்தது அதுவே முதல் தடவையும் இல்லை. ஜெர்மனியின் யூத வீராங்கனை கிரெட்டல் பெர்க்மன் 1936 ஜூனில் உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டி நாட்டுச் சாதனையைச் சமன் செய்தார். பெர்லின் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தகுதி போதவில்லை என்று நாஜி அரசின் விளையாட்டு அதிகாரிகள் கடிதம் அனுப்பிவிட்டார்கள். சாதனையும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பெர்லினில் வெண்கலம் வென்றவர் தாண்டிய உயரமும் அதே 1.60தான். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெர்க்மன் அங்கே 1937இலும் 1938இலும் தேசிய வெற்றியாளர் ஆனார். ஜெர்மன் தடகளச் சங்கம் 2009இல் அவருடைய சாதனையை மீண்டும் ஏட்டில் சேர்த்தது. 73 ஆண்டுகள் கழித்து என்றாலும், அந்தத் திருத்தத்தை அவர் கண்ணால் பார்த்தார். 103 வயதில் 2017இல் காலமானார்.

சாந்தியின் டோஹா பதக்கம் இன்னும் திரும்பவில்லை.

*

பதக்கம் போன பின்பும் தமிழ்நாடு அரசு அவரைக் கைவிடவில்லை. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வழங்கினார். பணம் வந்தாலும் ஊர்ப்பேச்சை எந்த அரசாலும் அடக்க முடியவில்லை. 2007இல் சாந்தி தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார்.

எழுந்து வந்தவர் செய்த வேலைதான் வியக்க வைக்கிறது. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். கிடைத்த பரிசுத் தொகையை அதில் போட்டார். 2009க்குள் 68 மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் பழக்கிய பிள்ளைகள் சென்னை மராத்தானில் முதலிடமும் மூன்றாமிடமும் பிடித்தார்கள். தன்னை வெளியே தள்ளிய அதே விளையாட்டுக்கு அவர் ஆள் தயார் செய்து அனுப்பினார்.

ஆனால் பயிற்றுநருக்கும் அடுப்பெரிய வேண்டுமே. அரசு விளையாட்டு ஆணையத்தில் அவருக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. மாதம் 5,000 ரூபாய். அது நிலைக்கவில்லை. 2012இல் செய்தியாளர்கள் அவரைக் கண்டது பெற்றோர் வேலை பார்த்த அதே செங்கல் சூளையில், நாள் கூலி 200 ரூபாய்க்கு. களிமண்ணைக் குழைத்து, அச்சில் அடித்து, காய்ந்த கல்லைத் தலையில் சுமந்து சூளையில் அடுக்கும் வேலை. ஆசியாவில் இரண்டாவதாக ஓடிய கால்கள் அங்கே மண் மிதித்துக்கொண்டிருந்தன.

அந்தச் செய்தி நாடு முழுவதும் பரவிய பிறகு டில்லி அசைந்தது. பெங்களூரில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயப் படிப்புக்கு வழி பிறந்தது. இந்தியாவில் முறையான பயிற்றுநர் ஆவதற்கு அதுதான் கதவு. படித்து முடித்து மயிலாடுதுறையில் ஒப்பந்தப் பயிற்றுநரானார். ஆர்வலர்கள் அவருக்காக ஆணையங்களையும் நீதிமன்றத்தையும் நாடினார்கள். 2016இல் தமிழ்நாடு அரசு அவரை நிரந்தரப் பயிற்றுநராக நியமித்தது. டோஹாவிலிருந்து நிரந்தரச் சம்பளத்துக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆயின.

*

இதேபோன்ற சோதனையில் சிக்கிய வேறு இருவரோடு ஒப்பிட்டால் சாந்திக்கு எது கிடைக்கவில்லை என்பது விளங்கும்.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தீன்யோ 1985இல் ஜப்பானின் கோபே நகரில் குரோமோசோம் சோதனையில் தேறவில்லை. அங்கே காயம் என்று நடித்து ஒதுங்கிக்கொண்டார். 1986இல் மறுபடியும் அப்படி ஒதுங்கச் சொன்னபோது மறுத்து ஓடினார். சாதனைகளும் உதவித்தொகையும் பறிபோயின. மரபணு அறிஞர்கள் அவர் பக்கம் நின்று வாதாடினார்கள். 1988இல் ஓடும் உரிமை திரும்பக் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த்தை 2014இல் இயற்கையான டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காரணம் காட்டி ஒதுக்கினார்கள். அவரும் நெசவாளர் குடும்பத்து ஏழைப்பெண்தான். ஆனால் இம்முறை வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் இந்திய விளையாட்டு ஆணையமும் துணை நின்றார்கள். சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டூட்டி 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார்.

சாந்திக்கு 2006இல் அப்படி ஒருவரும் இல்லை. சோதனை அறையில் அவர் மொழி பேசும் ஒரு பெண் இல்லை. மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஓட்டத்தில் அவருக்குக் குறை இருக்கவில்லை. துணைக்குத்தான் ஆளில்லை.

விதி அதன்பின் பலமுறை மாறிவிட்டது. இப்போது உலகத் தடகள அமைப்பு, உலகத் தரவரிசையில் கணக்கிடப்படும் போட்டிகளின் பெண்கள் பிரிவில் ஓட வருபவர்களிடம் எஸ்ஆர்ஒய் என்னும் மரபணு இருக்கிறதா என்று ஒருமுறை சோதிக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தாலோ கொஞ்சம் இரத்தம் கொடுத்தாலோ போதும். 2025 செப்டம்பரில் தோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் இது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. மரபணு இருக்கிறது என்று முடிவு வந்தாலும் எல்லாருக்கும் கதவு அடைபடுவதில்லை. ஆண்ட்ரோஜன் உணர்வின்மை முழுமையாக உள்ளவர்கள் பெண்கள் பிரிவிலேயே ஓடலாம். ஆனால் அதை மருத்துவ முறையில் நிறுவ வேண்டும். அதற்கு விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பள்ளி அளவிலும் மாவட்ட அளவிலும் ஓடும் பிள்ளைக்கு இந்தச் சோதனை வராது. உலகப் போட்டிவரை போகக்கூடிய பெண்ணுக்கு வரும். அப்படி ஒருத்தி தயாராகும்போது பயிற்றுநர் நேரத்தைக் குறித்துக்கொண்டு நின்றால் மட்டும் போதாது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறாள் என்பதை அவளுக்கும் தாய் தகப்பனுக்கும் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். பரிசோதனைக்குத் துணையாக ஒரு பெண் உடன் போக வேண்டும். முடிவு எதுவானாலும் அது அவள் கைக்குத்தான் முதலில் வர வேண்டும். குழுவின் வாட்ஸ்அப்புக்கும் பத்திரிகைக்கும் போகக்கூடாது. கட்டை மீசை, தட்டை மார்பு, கரகரத்த குரல் என்று திடலோரத்தில் கேலி பேசுபவர்களை, அவர்கள் பெற்றோராக இருந்தாலும் சரி, அங்கேயே நிறுத்த வேண்டும். கூலிம் வட்டாரப் பள்ளிகளின் புறப்பாட ஆசிரியர்கள் அடுத்த தேர்வோட்டத்துக்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுக்குமுன் பெற்றோரைக் கூட்டி இதைப் பேசிவிடலாம். அரை மணி நேரம் போதும்.