ரிசல்ட் வந்தாச்சு... அடுத்து எங்கே?

'எச்.ஐ.வி. இருக்கு' என்று கேட்ட நிமிஷத்துக்குப் பிறகு காதில் எதுவும் ஏறாது. நம்பிக்கை மையத்தில் கவுன்சலர் பொறுமையாகச் சொன்னதெல்லாம் பஸ் ஏறுவதற்குள் மறந்துபோகும். ஏ.ஆர்.டி. மையத்துக்கு எழுதிக்கொடுத்த சீட்டு, பீரோவில் துணிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு... அப்புறம் பார்த்துக்கலாம்!'

அந்த 'அப்புறம்'தான் ஆபத்து. காரணம், காசநோய். நம்மில் பலருடைய உடம்பில் அந்தக் கிருமி சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது. காவல் காக்கும் எதிர்ப்புச் சக்தியை எச்.ஐ.வி. குலைத்ததும் விழித்துக்கொள்ளும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான். 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தில், 2004-ல் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையும் வந்தது சும்மாவா?

இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை... ஒன்று இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காசநோய் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. சில வாரங்களுக்குள் ஏ.ஆர்.டி. இல்லையென்றால், அது வராமலிருக்கத் தடுப்பு மாத்திரை. சி.டி.4 எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருந்த காலமெல்லாம் 2017-லேயே போயாச்சு.

'வெளியே தெரிஞ்சிடுமோ?' நியாயமான பயம். விஷயத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. சந்தேகத்துக்கு 1097-க்கு போன் போடலாம், காசு கிடையாது. முதல் தடவை மட்டும், நம்பிக்கையான ஒருத்தர் கூடவே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வரட்டும்.