திரையும் சிக்கலும்

நுழையும்முன்

சிக்கலான விளையாட்டையும் தெளிவாக ஆட வைப்பது எது? விண்வெளி உத்தி விளையாட்டுகளின் திரையமைப்பைக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

கண்முன் உள்ள களம்

கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் செதுக்கப்பட்ட ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைப் பலர் கண்டிருப்பர். அதில் 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள் உள்ளன. எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். ஆயினும் எந்த ஆட்டை எங்கு வைத்தால் புலி அடைபடும் என்பது எளிதில் விளங்காது. ஆட்டத்தின் சிக்கல் முழுவதும் சிந்தனையில் இருக்கிறது. களத்தைப் பார்ப்பதில் எவ்விதக் குழப்பமும் இல்லை.

விரியும் விண்வெளி

கணினியில் ஆடப்படும் விண்வெளி உத்தி விளையாட்டில் நிலைமை வேறு. 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' இவ்வகையில் புகழ்பெற்றது. அறியாத விண்மீன்களைத் தேடுதல், குடியேற்றங்களைப் பெருக்குதல், வளங்களைப் பயன்படுத்துதல், பகைவரை அழித்தல் ஆகிய நான்கும் ஆடுவோரின் பணிகள். கோள்கள் பெருகப் பெருகக் கணக்குகளும் பெருகும். அத்தனையையும் ஒரே நேரத்தில் திரையில் காட்ட இயலாது. எதை முன்னே வைப்பது, எதைக் கேட்டால் மட்டும் காட்டுவது, எதை எச்சரிக்கையாக அறிவிப்பது என்று முடிவு செய்வதே இடைமுக வடிவமைப்பு ஆகும்.

அவ்விளையாட்டில் ஒவ்வொரு கோளுக்கும் கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், தொழில்நுட்பம் என ஐந்து பட்டைகள் உண்டு. கோளின் உழைப்பை அவற்றுக்குப் பங்கிட வேண்டும். ஒரு பட்டையை நகர்த்தியதும் அதன் விளைவு அருகிலேயே தோன்றும். செயலும் பயனும் அடுத்தடுத்துத் தெரிவதால் ஆடுபவர் விரைவில் கற்றுக்கொள்கிறார்.

2003ஆம் ஆண்டு வெளிவந்த அதன் மூன்றாம் பாகமோ, அடுக்கடுக்கான திரைகளால் ஆடுபவரைக் குழப்புகிறது என்று குறைகூறப்பட்டது. 2016இல் சுவீடன் நாட்டு நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டெல்லாரிஸ்' விளையாட்டிலும் விதிகள் மிகப் பல. ஆயினும் வளங்களின் இருப்பும் ஏற்ற இறக்கமும் திரையின் மேல்வரிசையில் எப்போதும் நிற்கும். ஓர் எண்ணின்மேல் சுட்டியை வைத்தால் அதற்கான காரணம் விரியும். காலத்தை நிறுத்திவைத்துச் சிந்திக்கவும் இயலும்.

விதிகளின் ஆழம் ஒரு வகைச் சிக்கல். திரையின் குழப்பம் மற்றொரு வகை. முன்னது விளையாட்டிற்குச் சுவை தரும். பின்னது அச்சுவையைக் கெடுக்கும்.

உண்மையான விண்வெளியில்

வெதுருகுப்பம் அமைந்துள்ள சித்தூர் மாவட்டத்தை அடுத்தது திருப்பதி மாவட்டம். அதன் கடலோரத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே 2019இல் சந்திரயான்-2, 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3 ஆகியவை ஏவப்பட்டன. நிலவில் தரையிறங்கும் பணி பெங்களூரிலிருந்து கண்காணிக்கப்பட்டது. அங்கும் எண்ணற்ற அளவுகள் நொடிதோறும் வந்து குவிந்தன. ஆனால் மக்கள் நேரலையில் கண்ட வரைபடம் எளியது: திட்டமிட்ட பாதை ஒரு கோடு, கலத்தின் உண்மையான நிலை ஒரு புள்ளி.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் அப்புள்ளி கோட்டை விட்டு விலகியது. அறிவியல் அறியாதவரும் இடர் நேர்ந்ததை உணர்ந்தனர். 2023 ஆகஸ்ட் 23 மாலையில் அது கோட்டை ஒட்டியே சென்றது. கலமும் நலமாகத் தரையிறங்கியது. நல்ல திரை சிக்கலை இல்லாமல் ஆக்குவதில்லை. எங்கே கவனிக்க வேண்டும் என்பதைக் காட்டி, முடிவெடுக்கும் பொறுப்பை மனிதரிடமே விடுகிறது.

அருஞ்சொற்பொருள்

உத்தி – திட்டமிட்டுச் செயல்படும் வழி
இடைமுகம் – மனிதரும் கருவியும் தொடர்புகொள்ளும் அமைப்பு
இடர் – துன்பம், தடை

சிந்தனை வினாக்கள்

1. சிக்கலின் இரு வகைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. தொடர்வண்டி நிலைய அறிவிப்புப் பலகையில் எவை முதலில் தெரிய வேண்டும்? காரணத்துடன் எழுதுக.