வண்டி எப்போது கொதிக்கிறது?



மோட்டார் வண்டியின் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கலைப் பட்டதாரியும் பாடசாலை அதிபருமாகிய எனக்கு என்ன தகுதி உண்டு என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். ஒரே குறைக்காக எட்டு மாதங்கள் அலைந்து, பணத்தையும் செலவிட்டு, நேர்மையான ஒருவரை ஐயுற்று, ஈற்றிலே உண்மையை அறிந்துகொண்டேன் என்பதே எனது தகுதி.

எண்பது வயதைத் தாண்டிய என் தாயாரைக் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதிகாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து எனது பழைய காரிலே புறப்பட்டோம். ஆனையிறவையும் கிளிநொச்சியையும் கடந்து மாங்குளத்தை அணுகும்போது, வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்புறத்திலிருந்து ஆவி எழுந்தது. வீதியோரப் பாலை மரத்து நிழலில் என் தாயார் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். வைத்தியர் குறித்த நேரம் தவறியது. சத்திரசிகிச்சையும் ஆறு வாரங்கள் பிந்தியது.

அதற்கு முன்னரும் அந்த வண்டி பலமுறை கொதித்திருந்தது. எங்கள் ஊரிலே கராஜ் நடத்தும் இளைஞர் ஒருவர், முன்னர் என்னிடம் படித்தவர், றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பின்னர் தேர்மோஸ்ரற்றையும் நீர்ப்பம்பியையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் கராஜ் முற்றத்திலே அரைமணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தோம். முள் நடுவிலேயே நின்றது. ஆகவே, பயணம் கெட்டுத் திரும்பிய பின்னர், “மாற்றாத சாமானுக்குப் பணம் வாங்கினீரோ?” என்று பலர் முன்னிலையில் அவரைக் கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. உள்ளே சென்று, கழற்றிய பழைய பாகங்களை எடுத்துவந்து என் முன் வைத்தார். பின்பு, “சேர், வண்டி எப்போது கொதிக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எட்டு மாதங்களாக நாங்கள் இருவருமே கேட்டிருக்கவில்லை.

அதன் பொருளை விளங்கிக்கொள்வதற்கு, இயந்திரம் தன்னைக் குளிர்விக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். எரியும் பெற்றோலின் வெப்பத்தில் ஏறக்குறைய காற்பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மூன்றிலொரு பங்களவு புகையோடு வெளியேறுகிறது. ஏறக்குறைய அதேயளவை நீர் ஏந்திச் செல்லவேண்டும். பம்பியானது நீரைச் சிலிண்டர்களைச் சூழ்ந்த வழிகளிலே செலுத்துகிறது. நீர் போதிய சூடு பெற்றதும் தேர்மோஸ்ரற் என்னும் கதவு, பொதுவாக 80 பாகை முதல் 90 பாகை செல்சியசு வரையில், திறந்து வழிவிடுகிறது. சூடேறிய நீர் மேற்குழாய் வழியாக றேடியேற்றரை அடைந்து, அங்கே காற்றினாற் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியாக மீண்டும் பம்பியினால் உறிஞ்சப்படுகிறது. இந்தச் சுற்றோட்டத்தில் எவ்விடத்திலே தடை நேர்ந்தாலும் விளைவு ஒன்றே, இயந்திரம் கொதிக்கும். ஆகவே, கொதிப்பு என்பது காய்ச்சலைப் போன்றது. அது நோயின் பெயரன்று. நோய் உண்டு என்பதற்கு அறிகுறி மாத்திரமே. காய்ச்சல் காலையிலா மாலையிலா வருகிறது என்று வைத்தியர் கேட்பதுபோல, வண்டி எப்போது கொதிக்கிறது என்று நாமும் கேட்கவேண்டும்.

நிற்கும்போதும், சனநெருக்கமுள்ள வீதியில் ஊர்ந்து செல்லும்போதும் கொதித்து, வேகமாக ஓடும்போது தணியுமாயின், குறை காற்றிலே உள்ளது. விசிறியைச் சுழற்றும் பட்டி தளர்ந்திருக்கலாம். புதிய வண்டிகளில் மின்விசிறியோ அதனை இயக்கும் ஆளியோ பழுதடைந்திருக்கலாம். காலையில் இயந்திரத்தை இயக்கிய சில நிமிடங்களிலேயே கொதிக்குமாயின், நீர் குறைந்திருக்கலாம். தேர்மோஸ்ரற் மூடியபடியே இறுகியிருக்கலாம். அல்லது சிலிண்டர்த் தலையின் கீழுள்ள காஸ்கற் பழுதுபட்டு, எரிந்த வாயு நீரினுள்ளே புகுந்துகொண்டிருக்கலாம். குளிர்ந்த இயந்திரத்தை மூடியின்றி இயக்கும்போதே றேடியேற்றரில் இடைவிடாது குமிழிகள் எழுவதும், வெளியே ஒழுக்கின்றி நீர் குறைவதும் இந்தக் கடைசிக் குறையின் அடையாளங்கள்.

நிற்கும்போது நன்றாயிருந்து, ஏற்றத்திலோ நெடுந்தூர வேகத்திலோ மாத்திரம் கொதிக்குமாயின், பிறக்கும் வெப்பத்துக்கு ஏற்ற அளவு நீரோட்டம் இல்லை என்று கொள்ளலாம். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல் நிலம். எங்கள் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். கேத்திலின் அடியிலே படியும் வெண்படை றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்து வழியை அடைக்கும். இயந்திரத்தின் தீப்பொறி பிந்தி எழுவதும் வெப்பத்தை மிகுவிக்கும். எனது வண்டி இவ்வகையைச் சேர்ந்தது. ஊருக்குள் ஓடும்போது அது ஒருநாளும் கொதித்ததில்லை. நேர்வீதியில் ஒரு மணி நேரம் விரைந்தோடிய பின்னரே கொதித்தது. முற்றத்திலே நிறுத்திவைத்துச் செய்த சோதனைகள் யாவும் பயனற்றுப் போனமைக்குக் காரணம் இதுவே.

இதனைக் கேட்டதும் அந்த இளைஞர் முன்மூடியைத் திறந்து, என்னை அக்சிலறேற்றரை நன்றாக அழுத்தச் சொன்னார். இயந்திரம் உரத்து முழங்கியது. “இறங்கி வந்து பாருங்கள், சேர்” என்று அழைத்து, தாம் முன்புறத்திலிருந்தே வேகத்தைக் கூட்டினார். றேடியேற்றரின் கீழ்க்குழாய், ஓலைக் குழலை வாயால் உறிஞ்சினாற்போல, தட்டையாக ஒடுங்கியது. வேகம் தணிந்ததும் பழைய வடிவை அடைந்தது. அந்த இறப்பர்க் குழாய் ஒடுங்காதபடி உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கவேண்டும். கழற்றிப் பார்த்தபோது சுருள் துருவாய் உதிர்ந்திருந்தது, இறப்பரும் மென்மையாகியிருந்தது. பம்பி வேகமாக உறிஞ்சும்போதெல்லாம் குழாய் தானே அடைபட்டு, நீர் மிகவும் தேவைப்பட்ட வேளையிலே நீரை நிறுத்தியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தபோது அது குற்றமற்றதாகவே தோன்றியது. புதிய குழாயின் விலை, அதற்கு முன் நான் செலவிட்ட தொகையில் இருபதிலொரு பங்கும் இல்லை.

அடுத்த நாள் அதே முற்றத்துக்குச் சென்று, முன்னர் நின்றவர்கள் சிலர் கேட்க, என் பிழையை ஒப்புக்கொண்டேன். “நானும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், சேர்” என்றார் அவர்.

நேயர்களே, வண்டி கொதித்தால் முதலில் ஒரு தாளிலே எழுதுங்கள்: எவ்வேளையில், எவ்வளவு தூரம் ஓடியபின், எந்த வேகத்தில், ஏற்றத்திலா சமநிலத்திலா என்று. அத்தாளோடு கராஜுக்குச் செல்லுங்கள். வெப்பமானி பொய் சொல்லவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். தேர்மோஸ்ரற்றை ஐயுற்றால், கழற்றி நீரிலிட்டுச் சூடாக்கி, அதிற் பொறித்துள்ள பாகையிலே திறக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறைக்கு ஒரு பாகத்தையே மாற்றி, குறை தோன்றிய அதே நிலையில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். கிணற்று நீரைத் தவிர்த்து, வடித்த நீரோடு உரிய குளிர்த்திரவத்தைக் கலந்து ஊற்றுங்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. அழுத்தமுள்ள மூடி, நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாமல் வைத்திருக்கிறது. சூடாயிருக்கும்போது அதனைத் திறந்தால் நீர் திடீரெனக் கொதித்துப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகச்செய்யும். வண்டியை நிழலில் நிறுத்தி, ஆறும்வரை பொறுத்திருங்கள். கொதித்த இயந்திரத்தில் குளிர்நீரை ஊற்றுவதும் கூடாது, உலோகம் வெடிக்கக்கூடும்.

ஆறு வாரங்களின் பின் அதே காரில், அதே வீதியாற் கொழும்புக்குச் சென்றோம். முள் நடுவிலேயே நின்றது. என் தாயாருக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி நிறைவேறியது. இப்பொழுது அவர் கண்ணாடியின் துணையோடு பத்திரிகை வாசிக்கிறார்.