கொட்டகையிலிருந்து கூடத்திற்கு

நுழையும்முன்

ஒரு காலத்தில் ஊர் கூடிப் பார்த்த திரைப்படங்கள் இன்று உள்ளங்கைக்குள் வந்துவிட்டன. விரும்பிய பாடலை விரும்பிய நொடியில் காண முடிகிறது. ஆயினும், பாடலைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதும் ஒன்றாகுமா? பழைய இசைப்படங்களை இல்லத்தில் இருந்தவாறே முழுமையாகச் சுவைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கீற்றுக் கொட்டகைக் காலம்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த நிலப்பகுதி வானம் பார்த்த பூமி. மழையை நம்பி வாழும் இத்தகைய ஊர்ப்புறங்களின் பெரும் பொழுதுபோக்காக டூரிங் டாக்கீஸ் என்னும் கீற்றுக் கொட்டகைகள் விளங்கின. மாலையில் கொட்டகையின் உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்கும். படம் தொடங்கப்போகிறது என்பதற்கு அதுவே அழைப்பு. மணலைக் குவித்து மேடாக்கி மக்கள் அமர்வர். படம் காட்டும் கருவி ஒன்றே இருந்தமையால், படச்சுருளை மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடப்படும்.

இன்று அத்தகைய ஓர் ஊரில் நெசவாளர் இல்லம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தறியை நிறுத்திய பின்னர்ப் பாட்டியும், பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பேத்தியும் தொலைக்காட்சியின்முன் அமர்கின்றனர். பாட்டி அப்படத்தைக் கொட்டகையில் முழுமையாகக் கண்டவர். பேத்தியோ அதில் வரும் நடனத்தை மட்டும் திறன்பேசியில் கண்டவள். இருவரும் பார்த்தது ஒரே படந்தானா?

கடல் கடந்த உறவு

1977ஆம் ஆண்டு அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று தமிழகத்தின் முதலமைச்சரானவர் எம்.ஜி. இராமச்சந்திரன். அவர் நடித்த முதல் திரைப்படம் 'சதிலீலாவதி' (1936). அதனை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவிலிருந்து 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் அறியாத அவர், 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா' ஆகிய படங்களையும் இயக்கினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'மந்திரிகுமாரி' (1950) படத்தின் இயக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. அதன் கதைத்தலைவர் எம்.ஜி.ஆர்.

அக்காலத்தில் ஹாலிவுட்டின் பெருநிறுவனங்கள் நடிகர், இசைக்கலைஞர், நடன அமைப்பாளர், தச்சர், தையற்கலைஞர் எனப் பலரையும் ஒரே வளாகத்தில் பணியமர்த்திப் படங்களை உருவாக்கின. சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவும் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் மாத ஊதியத்தில் வைத்துக்கொண்டு படங்களைத் தயாரித்தது. இரு நாடுகளிலும் ஒரு பாடற்காட்சி என்பது நூற்றுக்கணக்கானோரின் கூட்டுழைப்பாக விளங்கியது.

முரசுக்குள் மறைந்த கதை

ஜெமினியின் 'சந்திரலேகா' (1948) படத்தில் வரும் முரசு நடனம் பெரும்புகழ் பெற்றது. மாபெரும் முரசுகளின்மீது ஆடற்பெண்கள் அணிவகுத்து ஆடுகின்றனர். அந்நடனத்தை மட்டும் தனியே காண்பவர், அதன் பிரம்மாண்டத்தை வியந்து அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுவர். ஆனால், கதையில் சந்திரலேகா கொடியவனான சசாங்கனிடம் சிக்கியிருக்கிறாள். அவள் திருமணத்திற்கு இசைவதுபோல் நடித்து இந்நடனத்தை நிகழச் செய்கிறாள். முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கின்றனர். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் வெளிப்பட்டுப் போரிடுகின்றனர். இதனை அறிந்தவருக்கு ஒவ்வொரு முரசொலியும் நெஞ்சத் துடிப்பாகக் கேட்கும். நடனம் இங்குக் கதையை நிறுத்தவில்லை, கதையே நடனமாகியிருக்கிறது. சூழலிலிருந்து பிரித்த பாடல், திணையும் துறையும் அறியாமல் படித்த சங்கப் பாடலைப் போன்றதே.

குரல் யாருடையது?

தொடக்ககாலத் தமிழ்ப்படங்களில் நடிப்பவரே பாடவும் வேண்டும். பின்னாளில் ஒருவர் பாட, மற்றொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாடல் முறை வேரூன்றியது. ஹாலிவுட்டிலும் இம்முறை உண்டு. 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெர்ருக்கும், 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடல் குரல் தந்தவர் மார்னி நிக்சன். ஆனால், அப்படங்களின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. தமிழ்த்திரையிலோ பின்னணிப் பாடகர்கள் நடிகர்களுக்கு நிகரான புகழைப் பெற்றனர். மறைவாகக் குரல் கொடுக்கும் பெண்ணின் நிலையையே 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952) தன் கதையின் முதன்மைக் கூறாகக் கொண்டுள்ளது. படத்தொடக்கத்தில் வரும் பெயர்ப்பட்டியலைத் தள்ளிவிடாமல் படிக்கும் பழக்கம், யார் அறியப்பட்டனர், யார் மறைக்கப்பட்டனர் என்பதை உணர்த்தும்.

இல்லத்தில் பார்க்கும் முறை

பழைய படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுரத்தை ஒத்தது. இக்காலத் தொலைக்காட்சித் திரையோ அகலமானது. திரையை நிரப்பும்பொருட்டுப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் முகங்கள் பருத்துத் தோன்றும். பெரிதாக்கினால் தலையோ காலோ வெட்டுப்படும். 'டாப் ஹேட்' (1935) முதலிய படங்களில் ஆடிய ஃபிரெட் அஸ்டேர், தலைமுதல் பாதம்வரை முழு உருவமும் தெரியும்படி நடனத்தைப் படமாக்க வேண்டும் என வற்புறுத்தியவர். பாதம் மறைந்தால் அவர் கலையும் மறைந்துவிடும். ஆகவே, இரு பக்கமும் கருமை இருப்பினும் படத்தை அதன் அளவிலேயே காண்பது நன்று.

பழைய படங்கள் மெல்ல நகர்வதாகத் தோன்றலாம். விரைவுபடுத்துவதைத் தவிர்த்து, கொட்டகையில் விட்டதுபோல் இடைவேளை விட்டுப் பார்க்கலாம். தனித்துப் பார்ப்பதைவிட மூத்தோருடன் சேர்ந்து பார்ப்பது சிறந்தது. அவர்களின் நினைவுகளும் அப்படத்தின் ஒரு பகுதியே.

காத்தலும் காண்டலும்

அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சார்ந்தவை. காலப்போக்கில் தாமே சிதைபவை. போற்றிக் காக்கப்படாதவை அழிந்தன. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964இல்தான். ஓலைச்சுவடிகளை உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த வரலாற்றை நாம் அறிவோம். எஞ்சிய படச்சுருள்களும் அத்தகைய சுவடிகளே. பார்ப்போர் உள்ளவரை அவற்றைப் பாதுகாப்போரும் இருப்பர்.

தெரிந்து தெளிவோம்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கிய இப்படத்தில் டி.பி. இராஜலட்சுமி நடித்தார். இதன் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை.

நெசவாளர் இல்லத்தில் முரசு நடனம் தொடங்குகிறது. பாட்டி முரசுக்குள் இருப்பவர்களைப் பற்றி வாய்திறக்கவில்லை. பலமுறை பார்த்த நடனந்தான் என்றிருந்த பேத்தி, முரசுகள் திறந்து வீரர்கள் பாய்ந்து வெளிவந்ததும் எழுந்து நின்றுவிடுகிறாள். அன்றுதான் அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள்.