மௌனம் காக்கும் வாயில்

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டுமாரி பொழிந்தன. அவ்விமானங்களை ஏந்தி இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்த கப்பற்படை வானொலி மௌனம் காத்து வந்தது. ஒரு கப்பல் வானொலியிற் பேசுமாயின், அஃது இருக்கும் திசையைப் பகைவர் கணித்துவிடுவர். கேட்பதனால் அத்தகைய கேடு இல்லை. ஆதலின் போர்க்காலக் கப்பல்கள் செவியைத் திறந்துவைத்து, வாயை மூடிக்கொண்டன.

கணினி வலையமைப்புகளிலும் இதனையொத்த ஓர் ஏற்பாடு உண்டு. பொறியியலார் அதனைப் 'பாசிவ் இன்டர்பேஸ்' என்பர். தமிழில் மௌன வாயில் எனலாம்.

ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்குச் செய்தியை வழிகாட்டி அனுப்பும் கருவி ரவுட்டர். அதற்குப் பல வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வலையை நோக்கியது. எவ்விடத்துக்கு எவ்வழி என்பதை ரவுட்டர்கள் தமக்குட் பேசி அறிந்துகொள்கின்றன. அப்பேச்சுக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. 1988இல் வரையறுக்கப்பட்ட 'ரிப்' என்னும் விதிமுறைப்படி, ரவுட்டர் 30 செக்கனுக்கு ஒருமுறை தான் அறிந்த வழிகளை அறிவிக்கும். 'ஓ.எஸ்.பி.எஃப்' என்னும் விதிமுறையிலோ, வழக்கமாக 10 செக்கனுக்கு ஒருமுறை 'ஹலோ' என வணக்கம் கூறி, அண்டை ரவுட்டர்களோடு முதலில் உறவு கொள்ளும். அதன் பின்னரே வழிச்செய்தியைப் பரிமாறும்.

திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு காரியாலயம் இருப்பதாகக் கொள்க. அதன் ரவுட்டருக்கு இரண்டு வாயில்கள். ஒன்று கொழும்புத் தலைமைக் காரியாலயத்தின் ரவுட்டரை நோக்கியது. மற்றையது எழுதுவினைஞரின் மேசைக் கணினிகளை நோக்கியது. முதல் வாயிலிற் பேச்சு இன்றியமையாதது. இரண்டாவதில் மறுமொழி கூற வேறு ரவுட்டர் இல்லை. அங்கே பேசுவது வீண்; அதனினும் மேலாக, ஆபத்து. யாரேனும் ஒரு கணினியைக் கொணர்ந்து அங்கே இணைத்து, அதனை ரவுட்டர் போல நடிக்கச் செய்து, கொழும்புக்கு வழி தன்னிடமே உண்டென அறிவிப்பாராயின், உண்மை ரவுட்டர் அதனை நம்பிவிடக்கூடும். சரக்குப் பட்டியல்களும் கடிதங்களும் அயலார் கைவழியே செல்லும்; அல்லது சேராமலே மறையும்.

பொய்வழி விளைக்கும் கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2008 பெப்பிரவரி 24ஆம் நாள், யூடியூப் தளத்தைத் தன் நாட்டினுட் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் தொலைத்தொடர்பு நிறுவனம் அமைத்த வழி, எல்லை கடந்து பரவிற்று. ஏறத்தாழ 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளிலிருந்து அத்தளத்தை அடைய இயலவில்லை. அது 'பி.ஜி.பி' என்னும் வேறு விதிமுறையில் நேர்ந்தது. மௌன வாயில் அதற்கு மருந்தன்று. ஆயினும், அண்டையார் கூறுவதை ஆராயாது நம்புதல் என்னும் குறை இரண்டிற்கும் பொது.

ஆகவே எழுதுவினைஞர் பக்கத்து வாயிலை மௌனமாக்குவர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கப்பல் தன்னை மறைத்தற்கு மௌனம் காத்தது. ரவுட்டரோ அவ்வாயிலுக்கு அப்பாலுள்ள வலையை மறைப்பதில்லை. அவ்வலை இங்கே உள்ளது என்பதைக் கொழும்பு வாயிலின் வழியே அறிவித்துக்கொண்டேயிருக்கும். அவ்வலையை விதிமுறையிலிருந்து அறவே நீக்கினால், கொழும்பிலிருந்து வரும் மறுமொழி திரும்பும் வழியறியாது நின்றுவிடக்கூடும்.

மற்றுமொரு வேறுபாடும் கருதத்தக்கது. ரிப் முறையில் மௌன வாயில் பேசாது, ஆயினும் கேட்கும். எனவே பொய்யறிவிப்பு நுழையும் இடர் எஞ்சுகின்றது. அதற்குக் கடவுச்சொல் போன்ற வேறு காவல் வேண்டும். ஓ.எஸ்.பி.எஃப் முறையில் வணக்கம் இல்லை. ஆதலின் உறவும் இல்லை. அங்கே வாயோடு செவியும் அடைபடுகின்றது.

அம்முறையிற் கொழும்பு வாயிலையே தவறுதலாக மௌனமாக்கினால் என்னாகும்? கம்பி அறுபடாது, கருவியின் விளக்கும் எரியும், உறவு மட்டும் முறிந்து, வழிகள் மறையும். பழுது தேடுவோர் கம்பியைச் சோதித்தே காலம் போக்குவர். இக்காரணத்தால் அனுபவமிக்கோர் எல்லா வாயில்களையும் முதலில் மௌனமாக்கி, எதிரே ரவுட்டர் உள்ள வாயிலை மட்டும் எண்ணிப் பார்த்துத் திறந்துவிடுவர். எங்கே பேச வேண்டும் என்பதை மனிதர் வகுத்துக் கொடுத்தாலன்றிக் கருவி தானே அறியாது.