கம்பிக்கயிறும் பாரந்தூக்கலும்

சுரங்கங்களிலிருந்து பாரந்தூக்குதற்கு முற்காலத்திற் சணற்கயிறும் இருப்புச்சங்கிலியுமே பெரிதும் பயன்பட்டன. கயிறு ஈரத்தில் உக்கிற்று. சங்கிலியோ ஒரு வளையம் பழுதுற்றவிடத்து முன்னறிவிப்பின்றி அற்றது. ஜேர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியிற் கிளவுஸ்தால் நகரிற் சுரங்க அதிகாரியாயிருந்த வில்ஹெல்ம் அல்பேர்ட், 1834 இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். 3.5 மி.மீ. விட்டமுள்ள நான்கு கம்பிகள் ஒரு புரி. மூன்று புரிகள் ஒரு கயிறு. பன்னிரு கம்பிகளுள் ஒன்று அற்றாலும் ஏனையவை பாரத்தைத் தாங்கிநின்றன. அறுமுன் எச்சரிக்குங் கயிறு அன்றே தொழிலாளர்க்குக் கிடைத்தது.

இன்றைய கயிறுகள் உருக்குக் கம்பியாலானவை. ஆறு புரிகள் ஒரு நடுநாரைச் சூழ்ந்திருத்தல் பெருவழக்கு. ஒரு புரியில் ஏறக்குறைய 19 கம்பிகள் உள்ள கயிற்றிற் கம்பி தடித்தது. ஆதலின் உராய்வைத் தாங்கும். 37 கம்பிகள் அளவில் உள்ளதிற் கம்பி மெல்லியது; கப்பியில் எளிதின் வளையும். இரண்டு குணமும் ஒருங்கே நிறைந்த கயிறு இல்லை. எவ்வகையாயினும், பொதுவான பாரந்தூக்கலில் உடைக்குஞ் சுமையின் ஐந்திலொரு பங்கிற்கு மேல் ஏற்றலாகாது. எஞ்சிய நான்கு பங்கும் வீணென நினைப்பவர் உளர். திடீரென இழுத்தல், தேய்வு, துரு என்பன உண்பது அப்பங்கையே.

மிகுதியும் பிழைபடுவது கட்டுக்கயிற்றின் கோணத்திலாம். 2 தொன் பாரத்தை இருபுறமுங் கட்டி ஒரு கொளுக்கியில் மாட்டினால், ஒவ்வொரு கயிறும் 1 தொன்னே தாங்குமெனப் பலர் கொள்வர். இரு கயிறுகளும் நிலைக்குத்தாய் நின்றாலன்றி அது பொருந்தாது. அவற்றிடையே 60 பாகை கோணம் இருப்பின் ஒவ்வொன்றிலும் ஏறுவது ஏறத்தாழ 1.15 தொன், 90 பாகையில் 1.41 தொன், 120 பாகையில் முழு 2 தொன். திரிகோணகணிதங் கற்கும் மாணவர் இதனைத் தாமே கணித்தறியலாம். வகுப்பிற் சுவையற்றதாய்த் தோன்றும் கோசைன், இங்கே பாரத்தின் அருகில் நிற்பவனின் உயிரைக் காப்பதாகின்றது.

முறுகி மடிந்த கயிற்றை நிமிர்த்தாலும் அவ்விடத்திற் பழைய வலிமை மீளாது. விட்டங் குறைதல் நடுநார் நைந்தமைக்கு அறிகுறியாகலாம். எண்ணெய் வற்றின் கம்பிகள் தம்முள் உராய்ந்து உள்ளே துருப்பிடிக்கும். புறத்தே ஒன்றுந் தோன்றாது. புரியொன்று கயிற்றை ஒருமுறை சுற்றிவரும் நீளத்துள் 10 கம்பிகளோ, அந்நீளத்தில் ஒரே புரியில் 5 கம்பிகளோ அற்ற கட்டுக்கயிற்றை நீக்கிவிடல் வேண்டுமென்பது அமெரிக்க விதி. அற்ற கம்பியைக் காணத் துணியொன்றைக் கயிற்றின்மீது ஓட்டினாற் போதும்; முனை துணியைப் பற்றும். வெறுங்கையால் தடவலாகாது. கழித்த கயிற்றைத் துண்டுகளாக வெட்டிவிடுதல் நன்று. முழுதாய்க் கிடப்பின் யாரேனும் எடுத்து மீண்டும் பாரங் கட்டுவர்.