அடைப்புக்குறிக்குள் ஓர் உடன்படிக்கை

க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் நமது மாணவர்கள் பைதன் என்னும் கணனி மொழியைப் பயில்கின்றனர். அம்மொழியின் சார்பு ஒன்றைப் பற்றிய விளக்கத்தைத் திறந்து பார்ப்போர், அடைப்புக்குறிக்குள் தனித்து நிற்கும் சாய்கோட்டையும் (/) நட்சத்திரக் குறியையும் (*) கண்டு திகைப்பதுண்டு. இவை வகுத்தலையோ பெருக்கலையோ குறிப்பன அல்ல. சார்பை எழுதியவருக்கும் அதனைப் பயன்படுத்துபவருக்கும் இடையிலான உடன்படிக்கையின் நிபந்தனைகளே இவை.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். பணத்தை மாற்றும் சார்பொன்று இவ்வாறு அமைந்திருப்பதாகக் கொள்வோம்:

பணமாற்று(கொடுப்பவர், பெறுபவர், தொகை)

இதனை அழைப்பவர் இரு கணக்கிலக்கங்களையும் இடம்மாற்றி எழுதிவிட்டால், கணனி அதனைத் தவறென்று அறியாது. இரண்டும் இலக்கங்களே அல்லவா? பணம் எதிர்த்திசையிற் சென்றுவிடும். முதலில் நட்சத்திரக் குறியை இட்டால் நிலைமை மாறுகிறது:

பணமாற்று(*, கொடுப்பவர், பெறுபவர், தொகை)

தனித்து நிற்கும் இக்குறிக்கு வலப்புறம் உள்ள ஒவ்வொன்றையும் பெயர் கூறியே வழங்க வேண்டும். பெயரின்றி அழைத்தால் செய்நிரல் வழுவை அறிவித்து நின்றுவிடும். பெயர் கூறுவதால் தவறான இலக்கத்தை எழுதுவது முற்றாக ஒழிந்துவிடாது எனினும், எது யாருடையது என்பது வாசிப்போர் கண்ணுக்குத் தெளிவாகும். 2008ஆம் ஆண்டு வெளிவந்த பைதன் 3.0 பதிப்பிலேயே இவ்வசதி அறிமுகமானது.

சாய்கோடு இதற்கு நேரெதிரானது. அதற்கு இடப்புறம் உள்ளவற்றை இடவரிசைப்படி மட்டுமே வழங்கலாம்; பெயர் கூறுதல் ஆகாது. இதன் பயன் சார்பை எழுதியவருக்கே அதிகம். உள்ளே தாம் இட்ட பெயரைப் பின்னர் மாற்றினாலும், அச்சார்பை நம்பியுள்ள ஏனையோரின் செய்நிரல்கள் பழுதடையா. உள்ளமைந்த சார்புகளின் விளக்கங்களில் முன்னரே காணப்பட்ட இக்குறியை, 2019இல் வெளிவந்த 3.8 பதிப்பு முதல் அனைவரும் தமது சார்புகளிலும் பயன்படுத்த முடிகிறது.

நட்சத்திரத்தை அடுத்து ஒரு பெயர் வருமாயின் பொருள் வேறாகும். மிகுதியாக வரும் பெறுமானங்கள் அனைத்தையும் அப்பெயர் ஒன்றாகத் திரட்டிக்கொள்ளும். இரட்டை நட்சத்திரமோ பெயருடன் வருபவற்றைத் திரட்டும். சார்பை அழைக்கும் இடத்தில் இதே குறிகள், திரட்டியவற்றைப் பிரித்து வழங்கும் மறுதலைப் பணியைச் செய்கின்றன. சி மொழியிலோ நட்சத்திரக் குறி நினைவகத்திலுள்ள முகவரியைக் கையாளும் சுட்டியைக் குறிக்கும் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ஒரு மொழியில் கற்ற பொருளை மற்றொன்றில் ஏற்றிப் பார்ப்பது மயக்கத்துக்கே வழிவகுக்கும்.

ஆகவே இக்குறிகளைப் பரீட்சைக்காக மனனம் செய்வதாற் பயனில்லை. எதனைப் பெயர் கூறிக் கேட்பது, எதனை வரிசைக்கு விடுவது என்று தீர்மானிப்பவர், பிறர் விடக்கூடிய தவறை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறார். நல்ல செய்நிரலாளரை இனங்காட்டுவது அந்த முன்யோசனையே.